திரும்பி நடந்த தித்: பஞ்சாபிலிருந்து ஒரு தலித் கிறிஸ்தவ வரலாறு

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்."

சேரித் தேவாலயங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு இது தாலாட்டு மாதிரி பழகிப்போன சொல். கல்லறையில் நமக்கென்று தனி மூலை ஒதுக்கினார்களா? கர்த்தர் பார்த்துக்கொள்வார். திருவிழாத் தேர் நம் தெருவுக்குள் வரவில்லையா? கர்த்தர் பார்த்துக்கொள்வார். சாதிச் சான்றிதழில் மதத்தின் பெயரைக் கண்டதும் உதவித்தொகையை மறுத்தார்களா? அதற்கும் அதே பதில்தான். இதைக் கேட்டுக் கேட்டு, கல்லூரிக்குப் போய் அம்பேத்கரைப் படித்த தம்பி தங்கைகள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கடவுளை நம்புவது என்பது அடங்கிப்போவதற்குக் கொடுக்கப்படும் பயிற்சி.

அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் நம் மக்களின் வரலாற்றில் அந்த நம்பிக்கை எப்போதும் அடங்கிப்போகச் சொல்லவில்லை. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பஞ்சாபில் வாழ்ந்த ஒரு தோல் வியாபாரியின் கதை அதற்குச் சான்று. அவர் பெயர் தித். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு கால் ஊனம். அவர் எடுத்த ஒரே ஒரு முடிவு, இன்றைய பாகிஸ்தான் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் வரலாற்றைத் தொடங்கிவைத்தது.

ஊருக்கு வெளியே இருந்தவர்கள்

பஞ்சாபின் கிராமங்களில் சூஹ்ரா என்ற சாதி இருந்தது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தப் பெயரில் பதிவானார்கள். தெருவையும் தொழுவத்தையும் கூட்டுவது, சாணி அள்ளுவது, வரட்டி தட்டுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, அறுவடைக் காலத்தில் நிலத்தில் இறங்குவது என்று எல்லாமே அவர்கள் தலையில்தான். கூலி காசாகக் கிடைக்காது. அறுவடையில் ஒரு பங்கு தானியமும், அன்றாடம் மிச்சச் சோறும்தான். இந்த ஏற்பாட்டுக்கு அங்கே 'சேப்' என்று பெயர். இதற்கு மேல் கூலியே இல்லாத 'பேகார்' வேலையும் உண்டு. நம் ஊர் வெட்டி வேலைதான் அது. குடியிருப்பு ஊருக்கு வெளியே. கிணறு வேறு. இந்துக்களும் சீக்கியர்களும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த மண் அது. ஆனால் சூஹ்ராவைத் தள்ளி வைப்பதில் இந்த மூன்று பேருக்கும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை.

1855-இல், பின்னாளில் ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் சபையாக இணைந்த அமெரிக்கச் சபையைச் சேர்ந்த மிஷனரிகள் சியால்கோட்டில் வேலை தொடங்கினார்கள். அவர்களுடைய பார்வை நகரத்துப் படித்தவர்கள் மீதும் மேல்சாதியினர் மீதும்தான் இருந்தது. மேலே இருப்பவர்கள் மாறினால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது கணக்கு. பள்ளிக்கூடம் நடத்தினார்கள். சந்தையில் பிரசங்கித்தார்கள். பல ஆண்டுகள் உழைத்தும் கிடைத்த பலன் மிகக் குறைவு. அப்படி மதம் மாறிய மேல்சாதிக்காரர் ஒருவரை வீடு துரத்தும், சொத்து போகும். அவர் மிஷன் வளாகத்துக்குள் வந்து ஒண்டிக்கொள்வார். மிஷனே அவருக்குச் சோறும் வேலையும் தர வேண்டும். அன்றைக்குக் கிறிஸ்தவராவது என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: ஊரை விட்டு வளாகத்துக்குள் போவது.

1873 ஜூன்

நத்து என்று ஒரு ஜாட் சாதிக்காரர். ஊர்த் தலைவர் குடும்பத்துப் பிள்ளை. 1872-இல் ஞானஸ்நானம் பெற்றார். அதனால் குடும்பச் சொத்தில் தன் உரிமையை இழந்தார். மிஷனரிகளுக்கு அவர் மீது பெரிய மதிப்பு இல்லை. பலவீனமான விசுவாசி என்றே அவரைக் கருதினார்கள். அந்த நத்துதான் ஒருநாள் சாமுவேல் மார்ட்டின் என்ற மிஷனரியின் முன்னால் ஒரு மனிதரை அழைத்து வந்து நிறுத்தினார். இவருக்கு ஞானஸ்நானம் வேண்டுமாம் என்றார்.

வந்தவர் ஷாஹாப்திகே என்ற கிராமத்தைச் சேர்ந்த தித். வயது முப்பது இருக்கும். கறுத்த உடல், ஒரு கால் நொண்டி. தோல் வாங்கி விற்பது தொழில். சூஹ்ரா.

மார்ட்டின் தயங்கினார். இந்த மனிதர் யார், எந்த ஊர், எதற்காக வந்தார், எதுவும் தெரியாது. சில நாள் தங்கிப் பாடம் கற்றுக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கேள்விகள் கேட்டுப் பார்த்தபோது தித்தின் பதில்களில் குறை காண முடியவில்லை. மறுப்பதற்கு வேதத்தில் காரணமும் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தார்.

பிறகு தித் சொன்னதுதான் மார்ட்டினை வியக்க வைத்தது. நான் உடனே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார் தித். மிஷன் வளாகத்தில் இடம் கேட்கவில்லை. வேலை கேட்கவில்லை. பாதுகாப்புக்கு ஒரு கடிதம்கூடக் கேட்கவில்லை. தன் தோல் வியாபாரத்துக்கு, தன் சேரிக்கு, தன் சொந்தங்களிடம் திரும்பிப் போக வேண்டும் என்றார். போகவும் செய்தார்.

இந்தச் செய்திகளெல்லாம் ஆண்ட்ரூ கோர்டன் என்ற மிஷனரி 1886-இல் வெளியிட்ட நூலிலிருந்தே பெரிதும் நமக்குக் கிடைக்கின்றன. தித்தின் குரல் வெள்ளைக்காரர் ஒருவரின் எழுத்து வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனால் தித்தின் முடிவு மிஷனரிகளின் திட்டத்துக்குப் பொருந்தாத ஒன்று. மேல்சாதியினரை எதிர்பார்த்திருந்தவர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ள இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்க முடியாது. அதனாலேயே இதை நம்பலாம்.

சொந்தமே எதிரியான நாட்கள்

ஊரில் தித்துக்கு வரவேற்பு இல்லை. முதலில் எதிர்த்தது நிலக்கிழார் அல்ல, சொந்த வீடு. யாரைக் கேட்டு மதம் மாறினாய் என்று உறவினர்கள் பிடித்துக்கொண்டார்கள். உறவு அறுந்தது என்றார்கள். இனி எங்களோடு சாப்பிடவும் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது என்றார்கள். ஏற்கெனவே ஒரு கால் போய்விட்டது, மற்றதும் போகட்டும் என்று குடும்பத்துப் பெண் ஒருவர் சபித்ததாகக் கோர்டன் பதிவு செய்திருக்கிறார்.

இதன் பாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர் முழுவதும் யாருடைய கையிலிருந்து தண்ணீர் வாங்காதோ, அந்தச் சாதியே தித்தைத் தள்ளி வைக்கிறது. தீண்டப்படாதவர்களுக்குள் ஒரு தீண்டப்படாதவர். மேல்சாதிக்காரருக்குக் கிடைத்த மிஷன் வளாகத்தின் கூரையும் அவருக்கு இல்லை. அதை அவர் கேட்கவே இல்லை.

தித் வாக்குவாதத்தில் இறங்கவில்லை. ஊரை விட்டு ஓடவும் இல்லை. தோல் வாங்க ஊர் ஊராக நடந்தார். போன இடத்தில் பேசினார். வீட்டிலும் பேசினார். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் மாதம், மீண்டும் சியால்கோட் போனார். இந்தமுறை அவரோடு அவர் மனைவியும் மகளும் அக்கம்பக்கத்தார் இருவரும் நடந்தார்கள். முப்பது மைல் நடை. நொண்டிக் காலோடு முப்பது மைல். அவர்களுக்கும் ஞானஸ்நானம் கிடைத்தது. அவர்களும் அன்றே ஊர் திரும்பினார்கள். 1874 பிப்ரவரியில் மேலும் நான்கு ஆண்களை அழைத்துப் போனார். அந்த நால்வரில் ஒருவர் பிறகு தித்துக்குத் துணையாக ஊர் ஊராகப் போனார். பதினோரு ஆண்டுகளில் மிராலி வட்டாரத்தில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள்.

ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். தித் மிஷன் வளாகத்திலேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு அகதி விசுவாசியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வாழ்ந்து முடித்திருப்பார். அவருடைய சேரி அவரைத் துரோகி என்று மட்டும் நினைத்திருக்கும். அவர் திரும்பிப் போனதால், மதம் மாறினாலும் சொந்தம் மாறத் தேவையில்லை என்று அந்த மக்கள் கண்ணால் கண்டார்கள். தித்தின் நம்பிக்கையை அவர் செய்த ஜெபங்களை வைத்து நம்மால் அளக்க முடியாது, அவை யாருக்கும் தெரியாது. அவர் நடந்த திசையை வைத்து அளக்கலாம். தன்னைச் சபிக்கக் காத்திருந்தவர்களை நோக்கி நடந்தார்.

சாதியாக நடந்தார்கள்

1881-இல் பஞ்சாபில் இந்தியக் கிறிஸ்தவர்கள் நான்காயிரத்தை எட்டவில்லை. 1901-இல் முப்பத்தெட்டாயிரம் அளவில் இருந்தார்கள். 1911-இல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினார்கள். 1931-இல் கிட்டத்தட்ட நான்கு லட்சம். பெரும்பாலோர் சூஹ்ராக்கள். சியால்கோட் மாவட்டத்தில் 1915 வாக்கில் அந்தச் சாதியில் மிகச் சிலரைத் தவிர எல்லோரும் கிறிஸ்தவர்கள் ஆகியிருந்தார்கள்.

இதை மிஷனரிகளின் சாதனை என்று சபை வரலாறுகள் எழுதின. ஜான் வெப்ஸ்டர் என்ற வரலாற்றாசிரியர் அதை மறுத்தார். இந்த இயக்கங்களைத் தொடங்கியவர்கள் தலித்துகளே, மிஷனரிகள் பின்னால்தான் வந்தார்கள் என்று அவர் ஆதாரங்களோடு காட்டினார். நவீன தலித் இயக்கத்தின் தொடக்கத்தையே இந்த மதமாற்ற அலைகளில் பார்க்கலாம் என்பது அவர் வாதம். யோசித்தால் சரிதான். எங்கள் நிலையை நாங்களே மாற்றுவோம் என்று ஒரு சாதி கூட்டாக எடுத்த முடிவு அது. மிஷனரிகளில் பலருக்கு இது சங்கடமாகவே இருந்தது. கூட்டுகிறவர்களின் மதம் என்று பெயர் வந்துவிட்டால் மேல்சாதிக்காரர் எவரும் வரமாட்டார்களே என்று கவலைப்பட்டார்கள். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சும் எழுந்தது. அன்று தித்துக்கு யாரும் சோறு போடவில்லை என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.

நிலக்கிழார்கள் சும்மா இருக்கவில்லை. சூஹ்ரா படித்தால், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்றால், வெட்டி வேலை செய்ய மறுத்தால், தொழுவத்தைக் கூட்டுவது யார்? தானியப் பங்கை நிறுத்துவது, குடியிருப்பை விட்டுத் துரத்துவது, பொய் வழக்குப் போடுவது என்று ஒடுக்குமுறைகள் தொடர்ந்தன. இந்தப் பட்டியல் நம் யாருக்கும் புதிதல்ல.

பாட்டாக மாறிய எதிர்ப்பு

இந்த மக்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்? அதற்கான விடை அவர்களுடைய பாட்டில் இருக்கிறது.

ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் சபையார் ஆராதனையில் வேதாகமத்தின் சங்கீதங்களை மட்டுமே பாடுவார்கள். இமாமுத்தீன் ஷாபாஸ் என்ற கவிஞர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவப் போதகர் ஆனவர். அவர் நூற்றைம்பது சங்கீதங்களையும் பஞ்சாபி மொழியில் பாட்டாக மாற்றினார். அந்த வேலையின் நடுவில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. பிறர் வாசிக்கக் கேட்டு, வாயால் சொல்லி எழுதவைத்து முடித்தார். மேல்நாட்டு மெட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பஞ்சாபி நாட்டு மெட்டுகள் போடப்பட்டன. நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். 1908-இல் இசைக் குறிப்புகளோடு அச்சாயின. 'ஸபூர்' என்று அந்த மக்கள் அழைக்கும் இந்தப் பாடல்கள் இன்றும் எல்லையின் இரண்டு பக்கமும் பாடப்படுகின்றன. எழுத்தறியாத பாட்டிமார் டஜன் கணக்கில் மனப்பாடமாகப் பாடுவார்கள்.

சங்கீதங்களை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அதில் பாதி முறையீடு. எதிரிகள் சூழ்ந்திருக்கிறார்கள், பொய்ச்சாட்சிகள் எழும்பியிருக்கிறார்கள், ஏழையின் வழக்கை யார் விசாரிப்பார், இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளையே நிறுத்திவைத்துக் கேட்கும் குரல் அது. பொய் வழக்கில் சிக்கிய ஒரு சூஹ்ரா அதைத் தன் மொழியில், தன் மெட்டில் பாடும்போது, அது எந்த வழக்கைப் பற்றியது என்று யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி வாயை மூடும் நம்பிக்கை ஒன்று உண்டு. "கர்த்தரே, பார்த்துக்கொண்டா இருக்கிறீர்?" என்று கேட்கும் நம்பிக்கை இன்னொன்று. ஸபூர் இரண்டாவது வகை.

நம்பிக்கை உடைக்காத சுவர்கள்

இந்தக் கதையை இங்கேயே முடித்தால் சாட்சிக் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை.

1900-இல் பிரிட்டிஷ் அரசு பஞ்சாபில் நில உரிமை மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. 'விவசாயச் சாதிகள்' என்று பட்டியலிடப்பட்டவர்களுக்குத்தான் அந்தச் சாதியினரின் நிலத்தை வாங்க வழி இருந்தது. காலம் காலமாக நிலத்தில் உழைத்த சூஹ்ராக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கால்வாய்ப் பாசனக் குடியேற்றங்களில் மார்ட்டின்பூர் போன்ற சில கிறிஸ்தவக் கிராமங்கள் உருவாயின. அங்கே சிலருக்கு நிலம் கிடைத்தது. மற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில்தான் நின்றார்கள்.

1947-இல் நாடு பிரிந்தது. சீக்கிய நிலக்கிழார்கள் கிழக்கே போனார்கள். கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகளுக்கு அந்த நிலங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அவற்றில் உழைத்துவந்த கிறிஸ்தவர்கள் பிழைப்பிழந்து நகரங்களுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் காத்திருந்தது துடைப்பமும் சாக்கடையும். பாகிஸ்தானில் துப்புரவு வேலைக்கு 'முஸ்லிம் அல்லாதவர்கள் மட்டும்' என்று விளம்பரம் செய்யும் வழக்கம் அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. 'சூஹ்ரா' என்ற சொல் அங்கே இன்றும் கிறிஸ்தவர்களை வசைபாடும் சொல்லாகவே வழங்குகிறது.

2009 ஜூனில் ஷேக்குபுரா மாவட்டத்தில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண் வயலில் பழம் பறிக்கும் கூலி வேலைக்குப் போனார். அவர் எடுத்து வந்த தண்ணீரை உடன் வேலைசெய்த பெண்கள் தொட மறுத்தார்கள். அங்கே தொடங்கிய சச்சரவு மதநிந்தனை வழக்கானது. 2010-இல் மரண தண்டனை. மதம் மாறினால் விட்டுவிடுவோம் என்ற நெருக்குதலுக்கு அவர் இணங்கவில்லை. அவருக்காகப் பேசிய ஆளுநர் சல்மான் தசீரும், அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. உலகம் இதை மதப் பிரச்சினையாக மட்டும் பார்த்தது. ஒரு குவளைத் தண்ணீரில் தொடங்கிய வழக்கைப் பார்த்ததும் நமக்கு வேறொன்றும் தெரிய வேண்டும். இது மகாத் குளத்தின் தண்ணீர். தித்தின் சொந்தங்கள் அவருக்குத் தரமாட்டோம் என்ற அதே தண்ணீர்.

எல்லையின் இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர்களைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கிய தலித்துகளும் 1990-இல் பௌத்த தலித்துகளும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியேதான். சபைக்குள் நிலைமை என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்லறைச் சுவர்களை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். அந்தச் சுவர்களை எழுப்பியவர்களும் ஞாயிற்றுக்கிழமை அதே சங்கீதங்களைத்தான் பாடுகிறார்கள்.

ஆக, நம்பிக்கை சாதியை ஒழித்துவிடவில்லை. இதை மறைப்பது தித்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நமக்கு என்ன இருக்கிறது?

பிறகு எதற்கு இந்தக் கதை?

ஒன்று, நம்பிக்கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்க்க இது உதவுகிறது. நிலச் சட்டத்தை மாற்ற ஜெபம் போதாது. அதற்குச் சங்கம் வேண்டும், வாக்கு வேண்டும், வழக்கு வேண்டும். 1950 ஆணையைத் திருத்தச் சட்டப் போராட்டம் வேண்டும். ஆனால் அந்தப் போராட்டத்துக்கு ஆள் வேண்டுமே. ஊரும் உறவும் சேர்ந்து தள்ளி வைத்த பிறகும் காலையில் எழுந்து வேலைக்குப் போய், போன இடத்தில் வாய் திறந்து பேசுகிற ஒரு மனிதர் வேண்டும். அப்படிப்பட்ட மனிதரைத் தித்தின் நம்பிக்கை உருவாக்கியது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கடவுளை நம்பாத தோழர்களும் அந்த உறுதியை எங்கிருந்தாவது எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டு, நம் பெற்றோரோடு பேசும்போது இது கைகொடுக்கும். போராட்டத்துக்குக் கூப்பிட்டால் ஜெபத்துக்குப் போகிறேன் என்கிற அம்மாவிடம் பைபிளைத் தூக்கி எறியச் சொன்னால், நாம் தோற்றுப்போவோம். அந்த அம்மா தினமும் படிக்கும் சங்கீதத்திலேயே முறையீடு இருக்கிறது என்று காட்டினால், கல்லறைச் சுவர் விவகாரத்தில் நமக்கு முன்னால் அவர் வந்து நிற்பார்.

மூன்று, சபைத் தலைவர்களுக்கு. எதிர்ப்பு வரும்போது கர்த்தரை நம்புங்கள் என்று எங்களுக்குப் போதிக்கிறீர்கள். நல்லது. ஆதிக்கச் சாதி விசுவாசிகள் காணிக்கையை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வரும்போது நீங்களும் கொஞ்சம் கர்த்தரை நம்பலாமே. கல்லறைச் சுவரை இடிக்க அந்த அளவு விசுவாசம் போதும்.

1873 ஜூன் மாதத்து வெயிலில் ஒரு நொண்டிக்கால் மனிதர் சியால்கோட்டிலிருந்து தன் சேரிக்குத் திரும்பி நடந்தார். பின்னால் பாதுகாப்பான வளாகம் இருந்தது, முன்னால் சாபம் காத்திருந்தது. படித்து முடித்து நகரத்தில் வேலை கிடைத்த நம் ஒவ்வொருவருக்கும் அந்தப் பாதை தெரிந்ததுதான். திரும்பி நடக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஜெய் பீம்.